கொழும்பு முதலாளியின் செருப்பு

வீடும் கருவாட்டுக் கொட்டிலும் ஒன்றான மஹ்ரூபின் வாடி வாசலில் எப்போதும் ஒரு சோடி தோல் செருப்புக் கிடக்கும். பத்தாம் நம்பர். மஹ்ரூபின் காலுக்கு ஏழாம் நம்பரே தாராளம். புத்தளம் சந்தையில் பழைய சாமான் விற்கிறவனிடம் அரைமணி நேரம் பேரம் பேசி வாங்கியது. சிலாபத்திலிருந்து கருவாடு எடுக்க வரும் யாவாரி அதைக் கண்டதும் படியிலேயே நின்றுவிடுவான்.

"ஆரு உள்ளுக்கு?"

மஹ்ரூப் குரலைத் தாழ்த்துவார். "கொழும்பு முதலாளி. சாப்பிடுறார். கொஞ்சம் மெதுவாக் கதைங்க."

உள்ளே ஒருவரும் இருக்கமாட்டார்கள். மனைவி சுல்பா மட்டும் மாசிக் கருவாடு இடித்துக்கொண்டிருப்பாள். சிலாபத்து யாவாரி வேர்த்து விறுவிறுத்து, கேட்காமலே விலையை ஒரு படி ஏற்றிவிட்டுப் போவான்.

ஒரே யாவாரியை நம்பிக் கருவாடு காயப்போட்டால் விலையை அவனே சொல்லுவான் என்பது மஹ்ரூபின் கணிப்பு. இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்ணால் காணக்கூடாது. ஆனால் மற்றவனின் மணம் மூக்கில் அடிக்க வேண்டும். இதற்கு மேல் அவர் அரசியல் படிக்கவில்லை. படித்தவர்கள் இதையே தடித்த தடித்த புத்தகங்களாக எழுதி வைத்திருப்பதாகக் கேள்வி.

அவர் பயந்தது ஒன்றுக்குத்தான். கொழும்பானும் சிலாபத்தானும் ஒரே லொறியில் வந்திறங்கும் நாள். ஒரு மாரிகாலத்தில் அப்படி நடந்தும் இருக்கிறது. இரண்டு பேரும் வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் சந்தித்து, சிரித்துக் கதைத்து, ஒன்றாக ஏறி வந்துவிட்டார்கள். அன்று அவர்கள் சொன்ன விலைக்கு மஹ்ரூப் செருப்பையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

யுத்தம் முடிந்து ஒன்பதாவது வருடம் அதே பயம் வேறு அளவில் வந்து சேர்ந்தது.

மாம்புரிக்கு வடக்கே, பூவரசங்குடாவில், அறுநூறு யார் நீளத்துக்கு ஒரு கடற்கரை. வடபாதியில் கத்தோலிக்கக் குடும்பங்கள் கரைவலை இழுத்தார்கள். அந்த வலைகளின் சொந்தக்காரர் பஸ்தியான். எல்லாருக்கும் அவர் சம்மாட்டி. தென்பாதியில் யுத்தகாலத்தில், தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்களின் மீன்பிடிப் போட்டுகளும் கருவாட்டுப் பந்தல்களும். நடுவே ஒரு பனங்கட்டை. வலைக் கயிறு கருவாட்டுப் பாய்க்கு மேலால் போன ஒரு பழைய சண்டைக்குப் பிறகு பாதரும் மௌலவியும் சேர்ந்து நட்டது. வடக்குப் பார்த்த பக்கம் நீலப் பெயின்ற், தெற்குப் பார்த்த பக்கம் பச்சை. மாதா திருநாளுக்கு நீலமும் பெருநாளுக்குப் பச்சையும் புதுசாகப் பூசப்படும். யாருடைய பூச்சு மற்றவர் பக்கம் ஒரு விரல் ஏறியது என்பதில் வருடத்துக்கு இரண்டு சண்டையாவது உண்டு. மற்றப்படி சமாதானம்.

மீனவர் சங்கத்துக்குத் தலைவர் பஸ்தியான், செயலாளர் மஹ்ரூப். கரை அரசாங்கத்துக்குச் சொந்தம். சங்கத்துக்கு வருடா வருடம் புதுப்பிக்கும் அனுமதிதான் இருந்தது. அதை வேறு யாருக்காவது கொடுப்பதானால் சங்கத்தின் இணக்கக் கடிதம் வேண்டும். இரண்டு கையெழுத்து. ஊருக்கு இருந்த பலமெல்லாம் அந்த இரண்டு கையெழுத்துத்தான்.

அந்தக் கரையில் ஆழமான தண்ணீர் கிட்டவே இருக்கிறது, ஒரு இறங்குதுறை கட்டலாம் என்று முதலில் கண்டுபிடித்தது தூரத்து வீடு. அதைக் கேள்விப்பட்ட அடுத்த கிழமையே பக்கத்து வீட்டுக்கும் அதே யோசனை வந்துவிட்டது. நாடுகளின் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. பக்கத்து வீடு, தூரத்து வீடு என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பக்கத்து வீட்டுக்காக வந்தவர் எந்த நிழலிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர். ஊர் அவருக்குக் கூலிங்கிளாஸ் என்று பெயர் வைத்தது. தூரத்து வீட்டுக்காக வந்த அம்மா அகலத் தொப்பி போட்டவர், அவர் தொப்பிக்காரி. தங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது என்று அந்த இருவருக்கும் தெரியாது.

"மாட்டோம் எண்டு சொல்லிப் போடுவம்," என்றார் பஸ்தியான்.

"சொன்னா மேலிடம் வேற வழி பாக்கும், சம்மாட்டி," என்றார் மஹ்ரூப். "ஒருத்தனுக்கு ஓம் எண்டாலும் முடிஞ்சிது. ரெண்டு பேரையும் வாசல்ல வெச்சிக்கொண்டிரிப்பம். கிடைக்கும் எண்டு ரெண்டு பேரும் நினைக்கிற வரைக்கும், மத்தவனுக்குக் கிடைக்காம ரெண்டு பேருமே கொழும்பில காவல் இரிப்பாங்க. எங்கட கரைக்கு ஓசிக் காவல்."

அப்படியே நடந்தது. ஒன்றரை வருடத்தில் கூலிங்கிளாஸ் பதினொரு தரம் வந்தார், தொப்பிக்காரியும் பதினொரு தரம். பக்கத்து வீடு தண்ணீர் வடிகட்டும் மெஷின் தந்தது. தூரத்து வீடு சூரிய விளக்கு தந்தது. ஒருவர் வரும் நாளில் மற்றவர் தந்த சாமானைக் கொடி ஸ்டிக்கர் தெரியும்படி திருப்பி வைப்பது மஹ்ரூபின் வேலை. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். சங்கம் என்ன சொல்கிறது?

மஹ்ரூப் தாடியைத் தடவிக்கொண்டு சொல்வார்: "பாப்பம்."

சுல்பாவுக்கு மட்டும் இந்தக் கெட்டித்தனத்தில் நம்பிக்கை இல்லை. மன்னாரை விட்டு வந்தபோது அவள் கையில் இருந்தது ஒரு பள்ளிக்கூடப் பை. உள்ளே வீட்டு உறுதிப் பத்திரம், கலியாணக் காவின் பதிவு, இரண்டு போட்டோ. அந்தப் பை இன்றும் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. தேர்தல் வந்தால், எங்காவது கலவரம் என்று றேடியோ சொன்னால், அவள் அதை இறக்கித் தூசு தட்டிக் கதிரையில் வைப்பாள். பை மேலே இருந்தால் வீட்டில் நிம்மதி. கதிரையில் இருந்தால் யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

மாசி மாதம் இரண்டு வீட்டாரும் வருவதை நிறுத்தினார்கள்.

ஒரு கிழமை மஹ்ரூப் சந்தோஷப்பட்டார். இரண்டாவது கிழமை மெயின் றோட்டில் எந்த வாகனம் திரும்பினாலும் எட்டிப் பார்த்தார். மூன்றாவது கிழமை அவருக்குச் சோறு இறங்கவில்லை. யாவாரிகள் சண்டை பிடிக்கும்போது நிம்மதியாகத் தூங்கிய மனிதன், அவர்கள் சத்தமில்லாமல் இருந்தபோது விடியுமுன் எழுந்து வாசலில் உட்கார்ந்தார்.

"ஏதும் நோவா?" என்று சுல்பா கேட்டாள்.

"சத்தம் இல்ல."

"சத்தம் இல்லாட்டி நல்லம்தானே."

"ரெண்டு பேரிட சத்தமும் ஒரே நாள்ல நிண்டா நல்லமில்ல, புள்ள."

பின்னேரம் அவர் வீட்டுக்குள் வந்தபோது பை கதிரையில் இருந்தது.

திங்கட்கிழமை ஷானிகா ஸ்கூட்டியில் வந்தாள். சிலாபத்துப் பிள்ளை, அரசாங்கக் காரியாலயத்தில் உத்தியோகம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் தெரிந்த ஒரே ஆள் என்பதால் இரண்டு வீட்டாரின் கூட்டங்களுக்கும் மொழிபெயர்த்தவள் அவள்தான். ஹெல்மட்டைக் கழற்றாமலே கதைத்தாள்.

"அங்கிள், ரெண்டு பேரும் கதைச்சு முடிச்சிட்டாங்க. கொழும்பில ஒண்டா சாப்பிட்டிருக்கிறாங்க. வியாழக்கிழமை ஒரே வான்ல வாறாங்க."

மஹ்ரூப் உடனே கதிரையைத் தேடினார். அதில் பை இருந்தது. நின்றுகொண்டே கேட்டார்.

"அவங்க என்ன கதைச்ச?"

"பாதி பாதி. வடக்குப் பக்கம் பக்கத்து வீட்டுக்கு, தெற்குப் பக்கம் தூரத்து வீட்டுக்கு. மெப்பில கோடு போட்டிருக்கு. உங்கட பச்சை நீலக் கட்டை இருக்கெல்லா, அதிலதான் கோடு."

இத்தனை வருடம் ஒரு விரல் பூச்சுக்காகச் சண்டை பிடித்துப் பிடித்து, எல்லையைக் கல்லில் வெட்டியதுபோல் காட்டிக் கொடுத்தது தாங்களேதான் என்று மஹ்ரூபுக்கு விளங்கியது. அளப்பதற்கு ஒரு ஆளைக்கூட அவர்கள் அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

"சங்கம் இன்னும் ஓம் எண்டு சொல்லல்லயே, மகள்."

ஷானிகா ஹெல்மட்டைக் கழற்றினாள். அவள் முகம் சிறுத்திருந்தது.

"அதைத்தான் அங்கிள் சொல்ல வந்தன். நான் எழுதின றிப்போட் எல்லாம் திருப்பிக் காட்டினாங்க. ஒவ்வொரு தரமும் நீங்க பாப்பம் எண்டீங்க. நான், சங்கம் இதைக் கவனிக்கும் எண்டு எழுதினன். கொழும்பில அதை, சங்கம் ஆதரவா இருக்கு எண்டு எடுத்திட்டாங்க. ரெண்டு வீட்டுக்கும் சேத்து இருபத்திரண்டு ஆதரவு."

"பாப்பம் எண்டா இல்ல எண்டுதானே அர்த்தம்."

"எங்கட வீட்டில அப்படி இல்ல. எங்கட அப்பா பாப்பம் எண்டா ரெண்டு நாளில வாங்கித் தருவார்."

"உங்கட அப்பா யாவாரியா?"

"ஸ்டேஷன் மாஸ்டர்."

மஹ்ரூப் கண்ணை மூடித் திறந்தார். ரயில் விடுகிற மனிதனின் சொல்லுக்கும் கருவாடு விற்கிற மனிதனின் சொல்லுக்கும் நடுவில் அறுநூறு யார் கரை போய்க்கொண்டிருந்தது. முப்பது வருடத்தில் அவர் எந்த யாவாரிக்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்னதில்லை. சொன்னால் அவன் திரும்பி வரமாட்டான். பாப்பம் என்றால் கோபமில்லாமல் போவான், நாளை மறுபடி வருவான். புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் இது எல்லாருக்கும் விளங்கும் என்று அவர் நினைத்திருந்தார்.

"இன்னும் கையெழுத்து வேணும்தானே?"

"ஓம். ரெண்டும் வேணும். அது மட்டும்தான் மிச்சம்."

செவ்வாய்க்கிழமை காலை காணித் தரகர் ஹயாத்து முகம்மது மோட்டார் சைக்கிளில் வந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சேர்ட், சிரிப்பும் வெள்ளை. தூரத்து வீட்டுக்காகக் கதைக்க வந்ததாகச் சொல்லாமல் அரைமணி நேரம் அவர்களுக்காகக் கதைத்தார்.

"மஹ்ரூப் நானா, உங்கட ஆக்கள்ள பத்துக் குடும்பத்துக்கு இடம் விடுவாங்க. கருவாட்டுப் பந்தலுக்குச் சீமெந்துத் தரை போட்டுத் தருவாங்க. நீங்க முந்தினா உங்களுக்கு. பிந்தினா…" கையை விரித்தார். "சம்மாட்டி நேத்தே கையெழுத்து வெச்சிட்டாராம்."

"ஆரு சொன்ன?"

"எல்லாருக்கும் தெரியும்."

"நீங்க கண்டீங்களா?"

ஹயாத்து முகம்மது சிரித்தார். "நான் கண்டு என்ன, காணாட்டி என்ன. அவங்களுக்குப் பின்னால ஒரு கோயில் இரிக்கு, பிஷப் இரிக்கார். உங்களுக்கு ஆரு இரிக்காங்க? மன்னாருக்குத் திரும்பிப் போவீங்களா?"

மன்னாரில் மஹ்ரூபின் வளவில் இப்போது வேறு யாரோ வேலி போட்டிருந்தார்கள். அது ஹயாத்து முகம்மதுவுக்கும் தெரியும். மஹ்ரூப், "பாப்பம்" என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்தி, இருமினார்.

தரகர் போன பிறகு அவர் வாசலில் கிடந்த பத்தாம் நம்பர் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவன் உள்ளே இருக்கிறான் என்று சொல்லி விலையை ஏற்றுவது அவருடைய வித்தை. இப்போது அதே செருப்பைக் கொண்டுவந்து அவர் முன்னாலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். ஆனால் வித்தை தெரிந்தவனுக்கு இன்னொரு பயமும் உண்டு. எப்போதாவது ஒரு தரம் செருப்புக்குச் சொந்தக்காரன் உண்மையாகவே உள்ளே இருப்பான்.

பின்னேரம் அவர் வடக்குப் பக்கம் நடந்தார். பஸ்தியான் வாடியின் முன்னால் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நேரே கேட்டால் முடிந்துவிடும் கதை. ஆனால் கேட்பது என்பது தன் பயத்தை விரித்துக் காட்டுவது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, உன்னை நம்பி நிற்கிறேன் என்று சொல்வது. பேரத்தில் அப்படிச் சொன்னவன் வீட்டுக்கு வெறுங்கையோடு போனான்.

"என்ன முதலாளி, இந்தப் பக்கம்?" என்றார் பஸ்தியான்.

"சும்மா. காத்து வாங்க."

"உங்கட பக்கம் காத்து இல்லையோ?"

"இரிக்கு. கருவாடு மணக்கிது."

"இவ்வளவு வருசமா மணக்கேல்ல, இண்டைக்கு மணக்குதோ."

மஹ்ரூப் மணலில் குந்தினார். பஸ்தியான் ஊசியை நிறுத்தவில்லை. தூரத்தில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி வழக்கம்போல் நின்றது.

"வியாழக்கிழமை வாறாங்களாம்," என்றார் மஹ்ரூப்.

"ஓம், கேள்வி."

"ஒரே வான்லயாம்."

"டீசல் மிச்சம்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க, சம்மாட்டி?"

பஸ்தியான் முதல் தரம் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவர் கண்ணிலும் ஏதோ ஒன்று தேடிக்கொண்டிருந்தது. ஆனால் மஹ்ரூபின் பார்வை அவருக்குப் பின்னால் போய்விட்டது. வாடிக்குள், வலைக் குவியலுக்குப் பக்கத்தில், போட்டுக்குப் பூட்டும் புத்தம் புது அவுட்போட் எஞ்சின் ஒன்றின் அட்டைப் பெட்டி. கையெழுத்துக்குக் கிடைத்த கூலி என்று மஹ்ரூப் முடிவுகட்டினார்.

"பாப்பம்," என்றார்.

"ஓம்," என்றார் பஸ்தியான். "பாப்பம்."

இரண்டு பேரும் யாவாரம் தெரிந்தவர்கள். இரண்டு பேருக்கும் அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும்.

புதன்கிழமை மஹ்ரூப் ஒரு வேலையும் செய்யவில்லை. காலையில் சங்கத்தின் கடிதத்தாளை எடுத்து மேசையில் வைத்தார். பத்துக் குடும்பம் என்றால் யார் யார் என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கினார். எட்டாவது பெயரில் தன் தம்பியின் பெயரை விட்டுவிட்டது தெரிந்து, பேனையை மூடினார். பகல் தொழுகைக்குப் போய், எத்தனை றக்அத் முடிந்தது என்று மறந்து, திரும்பத் தொழுதார். அங்கிருந்து வீட்டுக்கு வராமல் மாம்புரிச் சந்தி வரைக்கும் நடந்து, ஒன்றும் வாங்காமல் திரும்பினார். சுல்பா பின்வளவில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள். யாராவது வந்தார்களா என்று கேட்டார்.

"ஆரும் கூப்பிடல்ல. முன்னுக்கு நாய் குரைச்ச சத்தம் மட்டும் கேட்ட."

கடிதத்தாள் மேசையில் வெறுமையாகக் கிடந்தது.

வியாழக்கிழமை விடிய, மஹ்ரூப் சுபஹு தொழுதுவிட்டுக் கரைக்குப் போனபோது கட்டையைக் காணவில்லை.

கட்டை நின்ற இடத்தில் ஒரு குழி. குழிக்குள் தண்ணீர் ஊறியிருந்தது. இரவோடு இரவாகப் பிடுங்கித் தெற்கே தள்ளி நட்டுவிட்டார்கள், என்று முதலில் நினைத்தார். தெற்கே ஓடினார். போட்டுகளுக்கு இடையில் தேடினார், பந்தல்களுக்குப் பின்னால் தேடினார். எங்கும் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வடக்கே ஓடினார். அங்கும் இல்லை. நடுவில் இருந்த சங்கக் கட்டடத்தின் கூரைக்குப் பின்னாலிருந்து கரும்புகை வந்துகொண்டிருந்தது.

பஸ்தியான் மூன்று கல் வைத்துப் பெரிய கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோடரி. அடுப்புக்குள் பனங்கட்டைத் துண்டுகள், சிலது நீலம், சிலது பச்சை. பெயின்ற் பொங்கிப் பொங்கி எரிந்தது.

"இரிங்க, முதலாளி. விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி."

மஹ்ரூபுக்கு மூச்சு வாங்கியது. "என்ன சம்மாட்டி இது?"

"கோடு எங்க எண்டு கேப்பாங்க. எங்க எண்டு காட்டிறது?"

"நீங்க கையெழுத்து வெச்சிட்டீங்க எண்டு…"

"என்னட்டயும் கில்பட் வந்தவன். பக்கத்து வீட்டுக்காகக் கதைக்கிற தரகன். மஹ்ரூப் நானா திங்கட்கிழமையே கையெழுத்து வெச்சிட்டார், நீங்க பிந்தினா அரோகரா எண்டான். நான் நம்பினன். ஏன் பொய் சொல்லுவான். நீங்க செவ்வாய்க்கிழமை வந்து குந்தியிருந்து பாப்பம் எண்டு சொல்லேக்க முழுசா நம்பினன்."

"உங்கட வாடிக்குள்ள புது எஞ்சின் பெட்டி…"

"பெட்டிதான். எஞ்சின் எங்க? என்ர மனிசி றோசாட கோழி அதுக்குள்ள அடைகிடக்குது."

பஸ்தியான் விறகைத் தள்ளிவிட்டார்.

"நேத்துப் பகல் உங்கட வீட்டுக்கு வந்தன். சண்டை பிடிக்கத்தான் வந்தன், ஒளிக்காம சொல்லுறன். நாய் குரைச்சிது. வாசலில அந்தப் பெரிய செருப்பு. சரி, கொழும்பு ஆள் உள்ளுக்கு, கடிதம் எழுதுறாங்கள் எண்டு நினைச்சன். திரும்பிப் போவம் எண்டு குனிஞ்சு என்ர செருப்பைக் கொழுவேக்க பாத்தன். அந்தச் செருப்புக்குள்ள சிலந்தி வலை கட்டியிருக்கு. நல்ல பெரிய வலை. ரெண்டு ஈயும் காஞ்சு கிடக்குது."

மஹ்ரூப் தலை குனிந்தார்.

"எத்தினை வருசம், முதலாளி?"

"இருவது இரிக்கும்."

"கட்டை நடேக்கயும் கிடந்தது அந்தச் செருப்பு. உங்களுக்குப் பின்னால கொழும்பு இருக்கு எண்டு பயந்துதான் அஞ்சு யார் உங்கட பக்கம் விட்டனான்." பஸ்தியானுக்குச் சிரிப்பும் கோபமும் ஒரே நேரத்தில் வந்தது. "அஞ்சு யார். ஒரு சிலந்திக்கு."

"அப்ப நீங்க எல்லாருக்கும் கேக்க அடிக்கடி மந்திரியோட போன்ல கதைக்கிறது?"

பஸ்தியான் கேத்தலின் மூடியைத் திறந்து தேவையில்லாமல் உள்ளே பார்த்தார்.

"அது றோசா," என்றார். "மற்றப் பக்கம் அவதான். சேர், சேர் எண்டு நான் சொல்ல, தேங்காய் வாங்கியர மறக்காதேங்கோ எண்டு அவ சொல்லுவா."

அடுப்புப் புகை இருவர் கண்ணிலும் ஏறியது. மஹ்ரூப் ஊதுகுழலை எடுத்து ஊதினார். ஒருவரை ஒருவர் பயமுறுத்தி வைத்திருந்த சாமான் எல்லாம் அந்தக் காலையில் தீர்ந்துபோயிருந்தது. அது நிம்மதியாக இருக்கவில்லை. வெறும் மேலோடு றோட்டில் நிற்பதுபோல் இருந்தது.

"நான் எட்டுப் பேர் வரைக்கும் எண்ணினன்," என்றார் மஹ்ரூப், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. "பத்துக் குடும்பத்துக்கு."

"நான் பத்தும் எண்ணிப்போட்டன்," என்றார் பஸ்தியான். "சரி, சீனி எவ்வளவு போடுறது?"

ஒன்பது மணிக்கு வான் வந்தது. சாம்பல் நிறம். "நல்ல காலம், வெள்ளை இல்ல," என்று பஸ்தியான் முணுமுணுத்தார். யுத்தகாலத்தில் ஆட்களைத் தூக்கிப் போன வான்கள் வெள்ளை. ஒரு கதவால் கூலிங்கிளாஸ் இறங்கினார், மறு கதவால் தொப்பிக்காரி. கட்டடத்தின் படியில் இரண்டு பேரும் சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மஹ்ரூப் அந்த இரண்டு சோடியையும் பார்த்தார். இரண்டுக்கும் உண்மையாகவே கால் இருந்தது.

ஷானிகா நடுவில் உட்கார்ந்தாள். மஹ்ரூப் அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "இண்டைக்கு நான் என்ன சொல்றனோ அதை மட்டும் சொல்லுங்க, மகள். ஒண்டும் கூட்ட வேணாம்."

கரையின் மெப் விரிக்கப்பட்டது. கூலிங்கிளாஸ் ஒரு புள்ளியில் விரல் வைத்துக் கேட்டார். அந்தக் கட்டை எங்கே என்று ஷானிகா தமிழில் கேட்டாள்.

"எந்தக் கட்டை?" என்றார் பஸ்தியான், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு.

பின்பக்கத்திலிருந்து பெயின்ற் எரியும் மணம் வந்தது. தொப்பிக்காரி இருமினார். இரண்டு அதிகாரிகளும் ஜன்னலால் கரையைப் பார்த்தார்கள். கரை ஒரே நீளமாகக் கிடந்தது. ஒரு கோடும் இல்லை.

தொப்பிக்காரி பஸ்தியானைப் பார்த்து மென்மையாக ஏதோ சொன்னார். செயலாளர் ஏற்கெனவே சம்மதித்துவிட்டாராமே, என்றாள் ஷானிகா. கூலிங்கிளாஸ் மஹ்ரூபிடம் சொன்னார். தலைவர் ஏற்கெனவே சம்மதித்துவிட்டாராமே, என்றாள் ஷானிகா. பஸ்தியானும் மஹ்ரூபும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த ஒரு கணத்தில்கூட மஹ்ரூபுக்குச் சந்தேகம் வந்தது. கட்டையை எரிப்பது பெரிய செலவு இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டும் எரிக்கலாம்.

சங்கம் என்ன சொல்கிறது, என்று ஷானிகா கேட்டாள்.

மஹ்ரூபின் கை தாடிக்குப் போனது. பழகிய சொல் நாக்கில் வந்து நின்றது. அவர் அதை விழுங்கினார்.

"இல்ல."

ஷானிகா மிச்சத்துக்குக் காத்திருந்தாள்.

"அவ்வளவுதான், மகள்."

அவள் ஆங்கிலத்தில் அதை இன்னும் சின்னதாகச் சொன்னாள்.

"தலைவரும் அதுதான் சொல்லுறார்," என்றார் பஸ்தியான். "ரெண்டு தரம் சொல்லுங்க மிஸ். ரெண்டு வீடு இருக்கெல்லா."

பிறகு அதிகாரிகள் இருவரும் தலையைச் சாய்த்துத் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். ஷானிகாவுக்கே கேட்காத குரல். அவர்களுக்குள் கோபமோ போட்டியோ இருந்ததாகத் தெரியவில்லை. மெப்பை ஒருவர் ஒரு முனையிலும் மற்றவர் மறு முனையிலும் பிடித்து, படுக்கை விரிப்பு மடிப்பதுபோல் ஒழுங்காக மடித்தார்கள். மஹ்ரூபுக்கு அதைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை. தேத்தண்ணி இரண்டு கோப்பையும் அப்படியே இருந்தது.

வான் கதவடியில் கூலிங்கிளாஸ் திரும்பினார். முதல் தரமாகக் கண்ணாடியைக் கழற்றினார். சின்னக் கண்கள், களைத்த கண்கள். ஒன்றரை வருடமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒரே தமிழ்ச் சொல்லை, சிரித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"பாப்…பம்."

வான் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"என்ன சொல்லிப்போட்டுப் போறான்?" என்றார் பஸ்தியான்.

மஹ்ரூப் வீட்டுக்கு நடந்தார். சுல்பா உரலடியில் இருந்தாள்.

"என்னவாம்?"

"நாங்க இல்ல எண்டு சொன்ன. சம்மாட்டியும் நானும்."

"அவங்க?"

"பாப்பமாம்."

சுல்பா உலக்கையைச் சுவரில் சாத்தினாள்.

"ஷானிகாட வாப்பா சொல்ற பாப்பமா, நீங்க சொல்ற பாப்பமா?"

மஹ்ரூப் உட்காரக் கதிரையைப் பார்த்தார். அதில் பை இருந்தது. அதை எடுத்து மேலே வைக்கும்படி அவர் சொல்லவில்லை. அவளும் எடுக்கவில்லை.

றோட்டில் சிலாபத்து லொறி ஹோர்ன் அடித்தது. சுல்பா மறுபடி உலக்கையைத் தூக்கினாள். மஹ்ரூப் வாசலுக்குப் போய்க் குனிந்து, பெரிய செருப்புக்குள் விரலை விட்டுச் சிலந்தி வலையைத் துடைத்து, இப்போதுதான் ஆள் உள்ளே போனதுபோல் இரண்டையும் முனை உள்ளே பார்க்கும்படி திருப்பி வைத்தார்.